இரண்டு எஸ்எம்பிஎஸ்ஸைச் சேர்த்துக் கட்டினால் 12 வோல்ட் நிலையாக நிற்குமா?

பிறகு வந்து படிப்பவர்களுக்காகக் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். உங்களிடம் 450 வாட் என்று எழுதிய பழைய எஸ்எம்பிஎஸ் (கம்ப்யூட்டருக்கு 12, 5 வோல்ட் கொடுக்கும் பவர் சப்ளை பெட்டி) இரண்டு இருக்கின்றன. செகண்ட் ஹேண்டில் ஓர் ஆர்எக்ஸ் 580 கிராபிக்ஸ் கார்டு வாங்கிப் போட்டிருக்கிறீர்கள். சப்ளையில் 8 பின் வயர் கிடையாது என்பதால், இரண்டு மோலெக்ஸை (பழைய நாலு பின் கனெக்டர்) 8 பின்னாக மாற்றும் அடாப்டர் வைத்து ஓட்டுகிறீர்கள். கேம் தொடங்கியதும் கார்டு பக்கம் 12 வோல்ட் 11.5க்கு இறங்குகிறது, சில நேரம் மெஷின் தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. இரண்டு சப்ளையின் 12 வோல்ட் வரும் மஞ்சள் வயரை மஞ்சளோடும், கிரவுண்டான கறுப்பைக் கறுப்போடும் முறுக்கிவிட்டால் வோல்டேஜ் நிற்குமா, இல்லை உள்ளே ரெசிஸ்டரை மாற்றி 12ஐக் கொஞ்சம் ஏற்றலாமா, அதுவும் முடியாதென்றால் பெரிய கெபாசிட்டர் ஒன்றைக் குறுக்கே போட்டால் போதுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரிய சர்வர்களில் இரண்டு சப்ளை சேர்ந்துதானே ஓடுகின்றன என்றும் ஒரு வரி சேர்த்திருந்தீர்கள்.

மூன்றுக்கும் பதில் தருகிறேன். ஆனால் அதற்கு முன்னால் தீர்க்கவேண்டியது, அந்த அரை வோல்ட் எங்கே தொலைகிறது, ரீஸ்டார்ட்டுக்கு அதுதான் காரணமா என்பது. சப்ளை சர்வீஸ்தான் என் பிழைப்பு. என் மேஜைக்கு இதே புகாரோடு வரும் பெட்டிகளில் பாதிக்கு மேல் சப்ளையைத் திறக்காமலே சரியாகிவிடும்.

11.5 என்பது ஆபத்தான எண்ணே கிடையாது. கம்ப்யூட்டர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் விதிப்படி 12 வோல்ட் லைன் 5 சதவீதம் ஏறலாம், 5 சதவீதம் இறங்கலாம். அதாவது 11.40 முதல் 12.60 வரை எங்கே நின்றாலும் கணக்கு சரி. 5 வோல்ட்டுக்கு 4.75 முதல் 5.25 வரை. அதோடு பிராசஸரோ கார்டின் சிப்போ இந்த 12ஐ நேரடியாகக் குடிப்பதில்லை. மதர்போர்டிலும் கார்டிலும் இருக்கும் விஆர்எம் அதை ஒரு வோல்ட் சுற்றளவுக்கு இறக்கித் தன் பங்குக்கு ரெகுலேட் செய்து கொடுக்கிறது. உள்ளே வருவது 11.6 ஆனாலும் 12.2 ஆனாலும் சிப்புக்குப் போகும் வோல்டேஜில் நீங்கள் கவனிக்கிற அளவுக்கு வித்தியாசம் வராது. ஆகவே மீட்டரில் 12.00 என்று பார்த்தால் மனசுக்கு இதமாக இருக்கும், மெஷினுக்கு அதனால் தனி லாபம் ஒன்றும் இல்லை.

அளந்த விதத்தையும் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். பயாஸிலும் சாஃப்ட்வேரிலும் தெரிகிற வோல்டேஜ், மதர்போர்டில் உள்ள ஒரு சிப் இரண்டு ரெசிஸ்டர் வழியாகக் குத்துமதிப்பாகப் படிப்பது. அதை நம்பி முடிவெடுக்க வேண்டாம். மஞ்சள் நிற மலிவு மல்டிமீட்டர் 12 வோல்ட்டில் அரைக்கால் வோல்ட்டுக்குள் சரியாகக் காட்டும், அது போதும். ஆனால் உள்ளே 9 வோல்ட் பேட்டரி இறங்கியிருந்தால் அதே மீட்டர் அதிகமாகக் காட்டும். புது பேட்டரி போட்டு, லோடு ஓடும்போதே இரண்டு இடத்தில் அளந்து பாருங்கள். 24 பின் கனெக்டரின் பின்பக்கம் மஞ்சள் வயர் நுழையும் இடத்தில் முனையைச் செருகி ஓர் அளவு. கார்டின் 8 பின் கனெக்டரின் பின்பக்கம் அதே மாதிரி இன்னோர் அளவு. முனை வழுக்கி மஞ்சளும் கறுப்பும் ஒட்டிவிடாமல் நிதானமாகச் செய்யுங்கள். 24 பின்னில் 11.9 இருந்து கார்டில் மட்டும் 11.5 என்றால் சப்ளை மேல் பழி போடாதீர்கள், தொலைந்தது வயரில். இரண்டு இடத்திலும் 11.5 என்றால்தான் சப்ளையே தளர்கிறது.

வயரில் தொலைந்திருக்கவே வாய்ப்பு அதிகம் என்பது என் ஊகம். காரணம் அந்த அடாப்டர். ஆர்எக்ஸ் 580 முழு வேகத்தில் 185 வாட் வரை இழுக்கும். ஒரு பகுதி மதர்போர்டு ஸ்லாட் வழியாகப் போனாலும் 8 பின் பக்கம் 11 ஆம்பியர் போலப் போகும். முறையான 8 பின் வயரில் இது மூன்று மஞ்சளில் பிரிந்து போகும். உங்கள் அடாப்டரின் இரண்டு மோலெக்ஸும் ஒரே வயர்ச் சரத்தில் அடுத்தடுத்துச் செருகப்பட்டிருந்தால், அந்த 11 ஆம்பியரும் ஒரே ஒரு மஞ்சள் வயரில் போகிறது. திரும்பி வருவது இரண்டு கறுப்பில். மலிவு சப்ளைகளில் வயரின் மேல் பொடி எழுத்தில் 20 ஏடபிள்யூஜி என்று அச்சிட்டிருக்கும், நல்லதில் 18 இருக்கும். எண் கூடினால் கம்பி மெலிவு. 20ஆம் நம்பர் கம்பி ஒரு மீட்டருக்கு 33 மில்லி ஓம். 60 செ.மீ. நீளத்துக்கு 20 மில்லி ஓம். 11 ஆம்பியருக்கு மஞ்சளில் 0.22 வோல்ட், இரண்டு கறுப்பிலும் சேர்த்து 0.11 வோல்ட். இதோடு மோலெக்ஸ் பின்களின் தளர்வான பிடிப்பில் போவதையும் கூட்டினால் உங்கள் அரை வோல்ட்டுக்குக் கிட்டத்தட்ட கணக்கு வந்துவிடுகிறது. அந்த மோலெக்ஸைப் பிடுங்கி உள்ளே பாருங்கள். மஞ்சள் வயரின் பின் மட்டும் பளபளப்புப் போய்க் கறுத்திருந்தாலோ, சுற்றியுள்ள வெள்ளை பிளாஸ்டிக் பழுப்பேறியிருந்தாலோ, இன்றைக்கே அதை ஓட்டுவதை நிறுத்துங்கள். வோல்டேஜ் பிரச்சினையைத் தாண்டி அது தீப்பிடிக்கிற பிரச்சினை.

இனி இரண்டையும் சேர்த்துக் கட்டுவது. இது உறுதியாகச் சொல்லக்கூடியது: வேண்டாம். ஒவ்வொரு சப்ளைக்கும் உள்ளே தனக்கென்று ஒரு ரெகுலேட்டர் இருக்கிறது. வெளியே வரும் வோல்டேஜைத் தன் ரெஃபரன்ஸோடு ஒப்பிட்டு, குறைந்தால் கூட்டு, கூடினால் குறை என்று ஓயாமல் திருத்திக்கொண்டே இருக்கும். ஒரே கம்பெனி, ஒரே மாடல் என்றாலும் ஒன்று 12.10இல் நிற்கும், இன்னொன்று 11.95இல் நிற்கும். இரண்டையும் இணைத்த கணமே 11.95 காரன் தன் வாயில் 12.10ஐப் பார்ப்பான், தேவைக்கு மேலேயே இருக்கிறது என்று கையை மடக்கிக்கொள்வான். நடை ஒத்துவராத ஜோடி மாட்டை வண்டியில் பூட்டினால் முந்துகிற மாட்டின் கழுத்தில்தான் பாரம் முழுக்க ஏறும். இங்கேயும் அதே கதை. முந்துகிறவன் திணறி 11.95க்கு இறங்கிய பிறகுதான் மற்றவன் தோள் கொடுப்பான். அதுவரை இரண்டு சப்ளை இருந்தும் ஒன்றுதான் உழைக்கிறது, அதுவும் தன் எல்லையில்.

உங்களுடையது போன்ற பழைய டிசைனில் இன்னொரு வம்பும் உண்டு. டிஎல்494 அல்லது அதன் மறுபெயரான கேஏ7500 சிப் வைத்த சப்ளைகளில் 12க்கும் 5க்கும் தனித்தனி ரெகுலேட்டர் கிடையாது. ஒரே டிரான்ஸ்ஃபார்மர், இரண்டுக்கும் சேர்த்துச் சுற்றிய ஒரே காயில், இரண்டு வோல்டேஜையும் ரெசிஸ்டர் வழியாகக் கலந்து பார்க்கும் ஒரே ஃபீட்பேக். இதைக் குரூப் ரெகுலேஷன் என்பார்கள். இப்படிப்பட்ட ஒன்றின் 12ஐ வெளியிலிருந்து தூக்கிப் பிடித்தால், எல்லாம் உயர்ந்துவிட்டது என்று நினைத்து அது மொத்தமாகக் குறைக்கும். விளைவாக அதன் 5 வோல்ட் கீழே போகும். அந்த 5 வோல்ட்டில் மதர்போர்டோ டிஸ்கோ தொங்கிக்கொண்டிருந்தால் நீங்கள் நிலைப்படுத்தப் போய் நிலைகுலைத்த மாதிரி ஆகிவிடும். ஒன்று பழுதாகி உள்ளே ஷார்ட் ஆனால் மற்றது தன் முழு சக்தியையும் அதற்குள் கொட்டும் என்பதையும் மறக்க வேண்டாம். நடுவில் முறுக்கிய வயர்தான் அந்த நேரத்தில் ஃபியூஸ்.

சர்வர் சப்ளை எப்படிச் சேர்ந்து ஓடுகிறது என்றால், அதற்கென்றே செய்திருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவில் லோடு பகிர்வுக்கென்று ஒரு சிக்னல் வயர் ஓடும். யார் எவ்வளவு ஆம்பியர் தருகிறார் என்று ஒருவருக்கொருவர் தெரிந்து, தன் வோல்டேஜை மில்லி வோல்ட் கணக்கில் ஏற்றி இறக்கிச் சமன் செய்துகொள்வார்கள். ஒவ்வொன்றின் வாயிலும் ஒருவழிக் கதவு மாதிரி வேலை செய்யும் மாஸ்ஃபெட் இருக்கும். ஒன்று செத்தாலும் மற்றதன் கரண்ட் அதற்குள் நுழையாது. சாதாரண ஏடிஎக்ஸில் இந்த இரண்டும் கிடையாது. ஒருவழிக் கதவுக்கு ஷாட்கி டயோடு போடலாமே என்று நெட்டில் படம் போட்டிருப்பார்கள். இந்தக் கரண்ட்டுக்கு டயோடிலேயே 0.4, 0.5 வோல்ட் போய்விடும். 12.0 என்று புறப்பட்டது 11.5 ஆகிவிடும், எதைச் சரிசெய்யக் கிளம்பினோமோ அதே இடத்துக்கு வந்து நிற்போம். 5 வோல்ட்டில் போட்டால் எல்லையையே தாண்டிவிடும்.

அடுத்தது, உள்ளே ரெசிஸ்டரை மாற்றி ஏற்றுவது. முடியும். ஹாம் ரேடியோக்காரர்கள் பழைய ஏடிஎக்ஸை இப்படி மாற்றி 13.8 வோல்ட் எடுத்து ரேடியோ ஓட்டுவது நெடுநாள் வழக்கம். ஆனால் அவர்களுக்கு 5 வோல்ட் தேவையில்லை, உங்களுக்குத் தேவை. குரூப் ரெகுலேஷனில் 12ஐ ஏற்றினால் 5ம் கூடவே ஏறும். உங்கள் மெஷினில் லோடு முழுக்க 12 மேல். 5இல் ஓர் எஸ்எஸ்டியும் யுஎஸ்பியும் தவிர ஆளில்லை. இந்த நிலையில் 12 தாழ்ந்தும் 5 உயர்ந்தும் நிற்பது இந்த டிசைனின் குணம். 5 வோல்ட் ஏற்கெனவே 5.15இல் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 11.5ஐ 12.0க்கு ஏற்றுவது 4.3 சதவீதம். அதே விகிதத்தில் 5.15 ஏறினால் 5.37. விதி அனுமதிப்பது 5.25. விஆர்எம்மின் பாதுகாப்பில் இருக்கும் கார்டுக்கு அரை வோல்ட் கூட்டிக்கொடுக்கப் போய், 5ஐ அப்படியே உள்ளே வாங்கும் எஸ்எஸ்டியையும் பென்டிரைவையும் பணயம் வைப்பது எனக்கு நியாயமாகப் படவில்லை.

இதே குணத்தை எதிர்ப்பக்கமிருந்து பயன்படுத்தும் பழைய வித்தை ஒன்று உண்டு. 5 வோல்ட்டில் ஒரு பொய் லோடு கொடுத்தால் 5 இறங்கும், ஃபீட்பேக் கூட்டும், அந்த வேகத்தில் 12ம் ஏறும். 5 வோல்ட் வரும் சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவில் 10 ஓம், 10 வாட் செராமிக் ரெசிஸ்டர் ஒன்று. அரை ஆம்பியர் போகும், இரண்டரை வாட் சூடு வரும். தகரத்தில் பிடித்து வைக்காவிட்டால் கை வைக்க முடியாத அளவு காயும். பழைய சப்ளையைப் பெஞ்சில் 12 வோல்ட் எடுக்க மாற்றுபவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள், நானும் செய்வேன். உங்கள் மெஷினில் அரை ஆம்பியருக்கு 12 எவ்வளவு ஏறும் என்பது அந்தச் சப்ளையின் காயிலைப் பொறுத்தது. கண்ணில் தெரிகிற அளவுக்கு ஏறினால் அதிர்ஷ்டம் என்றே சொல்வேன்.

கெபாசிட்டர் விஷயத்தில் கணக்கே பதில் சொல்லும். கார்டு திடீரென்று 10 ஆம்பியர் கூடுதலாகக் கேட்கிறது, சப்ளை சமாளிக்கும் வரை கெபாசிட்டர் தாங்க வேண்டும், 0.3 வோல்ட்டுக்கு மேல் இறங்கக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள். 2200 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் தாங்குவது 66 மைக்ரோ விநாடி. ஒரே ஒரு மில்லி விநாடி தாங்க 33,000 மைக்ரோஃபாரட் வேண்டும். அவ்வளவு பெரிதைக் கட்டினால் சுவிட்ச் போடும் கணத்தில் அது ஷார்ட் மாதிரித் தெரிந்து சப்ளை பாதுகாப்புக்குப் போய்ப் புறப்படவே மறுக்கலாம். புறப்பட்டாலும் ரெகுலேட்டரின் நிதானம் கெட்டு ஊசலாடவும் இடமுண்டு. புதிதாகச் சேர்ப்பதை விட்டுவிட்டு, இருப்பவை செத்திருந்தால் மாற்றுவதுதான் பயனுள்ள வேலை. பத்து வருஷம் சூட்டில் இருந்த சப்ளையில் 12 வோல்ட் வாயிலுள்ள எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டர்களின் தலை உப்பியிருக்கும், அல்லது உப்பாமலே உள்ளே வற்றியிருக்கும். அதே மைக்ரோஃபாரட், அதே அல்லது சற்றுக் கூடுதல் வோல்டேஜ், 105 டிகிரி, லோ ஈஎஸ்ஆர் (உள் ரெசிஸ்டன்ஸ் குறைந்த ரகம்) என்று கேட்டு வாங்கிப் போட வேண்டும். சாதாரண ரகம் போட்டால் சில மாதத்தில் மறுபடி அதே கதை. இப்படி மாற்றினால் ரிப்பிள், அதாவது டிசியின் மேல் ஏறி நிற்கும் சிற்றலை, இறங்கும். 12 வோல்ட்டில் 120 மில்லி வோல்ட், 5இல் 50 மில்லி வோல்ட் வரை ரிப்பிள் இருக்கலாம் என்பது விதி. இதை மல்டிமீட்டரில் பார்க்க முடியாது, ஆசிலோஸ்கோப் வேண்டும்.

உள்ளே கை வைப்பதாக இருந்தால் ஒன்று. 230 வோல்ட் ஏசி உள்ளே போய் 325 வோல்ட் டிசியாக இரண்டு பெரிய கெபாசிட்டரில் தேங்கி நிற்கிறது. அவற்றைக் காலி செய்யக் குறுக்கே ரெசிஸ்டர் வைத்திருப்பார்கள். பழைய சப்ளையில் அது அறுந்துபோயிருந்தால் பிளக்கைப் பிடுங்கி வெகுநேரம் ஆன பின்னும் சார்ஜ் அப்படியே இருக்கும். ஸ்க்ரூடிரைவரால் ஷார்ட் செய்கிற வீரம் வேண்டாம். பழக்கமில்லாதவர் என்றால் மூடியையே திறக்க வேண்டாம், இதில் நான் எந்த விதிவிலக்கும் தரமாட்டேன்.

ரீஸ்டார்ட்டுக்கு வருவோம். இங்கே நான் உறுதியாகப் பேச முடியாது, ஏனென்றால் உங்கள் மீட்டர் விநாடிக்கு இரண்டு மூன்று தடவைதான் எண்ணை மாற்றும். கார்டு சில மில்லி விநாடிகள் சராசரியைவிட வெகு அதிகமாக இழுத்து விடுவதும், அப்போது 12 சட்டென்று 11க்குக் கீழே விழுந்து எழுவதும் அதில் தெரியவே தெரியாது. அறிகுறிகள் கொஞ்சம் உதவும். மெஷின் முழுதாக அணைந்து, பின்னால் உள்ள சுவிட்சைப் போட்டு எடுத்தால்தான் மறுபடி வருகிறது என்றால் சப்ளையின் பாதுகாப்பு விழுந்திருக்கிறது. கண நேரத்தில் தானே ரீஸ்டார்ட் ஆகிறது என்றால், வோல்டேஜ் சரி என்று மதர்போர்டுக்குச் சொல்ல சாம்பல் நிற வயரில் வரும் பவர் குட் சிக்னல் ஒரு நொடி விழுந்து மதர்போர்டு ரீசெட் ஆகியிருக்கலாம். நீலத் திரை வந்து பிறகு ரீஸ்டார்ட் என்றால் டிரைவரையும் மெமரியையும் முதலில் பாருங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா என்று நீங்கள் சொல்லவில்லை. கரண்ட் போய் இன்வெர்ட்டருக்கு மாறும் நேரத்தில் ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இதுவரை பேசியது எதுவும் பொருந்தாது. முழு லோடில் கரண்ட் இல்லாமல் ஒரு சப்ளை தாங்கவேண்டிய நேரம் 16 மில்லி விநாடி போலத்தான்; வற்றிய கெபாசிட்டர் அதையும் தாங்காது. இன்வெர்ட்டரின் பின்னால் யுபிஎஸ் மோடு என்று ஒரு சுவிட்ச் இருந்தால் அதில் வைத்துப் பாருங்கள். அதேபோல் சாயங்காலம் ஊரே விளக்குப் போடும் நேரத்தில் மட்டும் பிரச்சினை என்றால், சுவரில் எவ்வளவு வருகிறது என்று அளக்க வேண்டும். பழைய மலிவு சப்ளைகளில் பெரும்பாலும் பிஎஃப்சி (சுவரிலிருந்து கரண்ட்டைச் சீராக இழுக்கும் பகுதி) கிடையாது. 170, 175க்கு இறங்கினால் முழு லோடில் 12ஐத் தூக்கிப் பிடிக்க அவற்றால் முடியாமல் போகும். ஸ்டெபிலைசர் உதவுகிற ஒரே இடம் இதுதான். ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள இன்றைய சப்ளைகள் 100 முதல் 240 வரை எதையும் வாங்கிக்கொள்ளும், அவற்றுக்கு ஸ்டெபிலைசர் வீண் செலவு.

இரண்டு சப்ளையையும் வீணாக்க மனசில்லை, ஒன்று மதர்போர்டுக்கு, ஒன்று கார்டுக்கு மட்டும் என்று பிரித்துக் கொடுத்தால் என்ன என்பது உங்கள் அடுத்த கேள்வியாக வரும். கிரிப்டோ மைனிங் காலத்தில் எல்லோரும் செய்தார்கள், அவுட்புட்டுகளை ஒட்டாமல் லோடைப் பிரிப்பது கொள்கையளவில் சரிதான். இரண்டின் கறுப்பும் பொதுவாக இருக்க வேண்டும், சப்ளையைப் புறப்படச் சொல்லும் பச்சை வயர் வழியாகவோ ரிலே போர்டு வழியாகவோ இரண்டும் ஒன்றாகப் புறப்பட வேண்டும், இரண்டும் ஒரே பிளக் பாயிண்டில் இருக்க வேண்டும். ஸ்லாட்டில் வரும் 12ம் 8 பின்னில் வரும் 12ம் கார்டுக்குள் ஒட்டக் கூடாது என்பது விதி. உங்கள் கையிலுள்ள கார்டு, அதுவும் ஒருமுறை ரிப்பேர் பார்த்ததாக இருந்தால், அதை மதிக்கிறதா என்பது மீட்டர் வைத்துப் பார்த்தால்தான் தெரியும். ஆனால் உங்கள் சப்ளைக்கு இது மிக மோசமான வேலை: 12இல் மட்டும் முழு லோடு, 5இல் ஒன்றுமே இல்லை. குரூப் ரெகுலேஷன் தள்ளாடுவது சரியாக இந்த நிலையில்தான்.

லேபிளில் 450 என்ற எண்ணை விட்டுவிட்டு 12 வோல்ட் வரிசையில் எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 16 என்றிருந்தால் 192 வாட்தான். கார்டு மட்டுமே 185 கேட்கிறது, பிராசஸருக்கு என்ன மிச்சம்? அந்த எண்ணும் மலிவு ரகத்தில் கொஞ்சம் தாராளமாகவே அச்சிடப்பட்டிருக்கும். 12 வோல்ட் மட்டும் 40 ஆம்பியருக்கு மேல் தரும், 5ஐயும் 3.3ஐயும் டிசி டிசி கன்வெர்ட்டர் மூலம் தனியாக எடுக்கும், 8 பின் வயர் கூடவே வரும் 550 வாட் சப்ளை ஒன்று போதும். 80 பிளஸ் முத்திரையை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். அது மின்சாரம் எவ்வளவு வீணாகிறது என்பதற்கான சான்று, வோல்டேஜ் எவ்வளவு நிலையாக நிற்கும் என்பதைப் பற்றி அது பேசுவதில்லை.

வாங்குவதற்கு முன் அந்த இரண்டு இடத்து அளவையும், இரண்டு லேபிளின் 12 வோல்ட் வரிசையையும், வயரில் அச்சிட்ட ஏடபிள்யூஜி எண்ணையும் எழுதுங்கள். அடாப்டரின் இரண்டு மோலெக்ஸையும் வெவ்வேறு வயர்ச் சரத்தில் மாற்றிச் செருகி இன்னொரு முறை அளந்தும் சொல்லுங்கள். அப்போது கார்டில் 11.8க்கு மேல் வந்துவிட்டால் வோல்டேஜ் பஞ்சாயத்து அங்கேயே முடிகிறது. ரீஸ்டார்ட் மட்டும் தொடர்ந்தால் அதைத் தனியாகத் தேடலாம்.